பன்னிரண்டு வயதில் சாத்தப்படும் நூலகக் கதவு
கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் நூல்களும் நூலகக் கூட்டுறவும்: ஒரு மதிப்பீடு

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, 'நூலகத்தின் பயன்கள்' என்ற கட்டுரையை நாம் எல்லாரும் ஒரு முறையாவது எழுதியிருப்போம். ஆசிரியர்கள் அதை நூறு முறையாவது திருத்தியிருப்போம். முன்னுரையில் நூலகம் அறிவுக் களஞ்சியம் ஆகிவிடும். முதல் கருத்தில் பொது அறிவு வளரும். அடுத்ததில் ஓய்வு நேரம் நல்லபடியாகக் கழியும். மூன்றாவதில் மொழியாற்றல் பெருகும். முடிவுரையில் 'ஆகவே மாணவர்கள் நூலகத்தை நாட வேண்டும்' என்று ஒரு முற்றுப்புள்ளி. பிழை இல்லை, மதிப்பெண்ணும் வரும்.

அந்தக் கட்டுரையை எழுதிய படிவம் 5 மாணவரிடம், "சரி, நீ கடைசியா எந்த நூலகத்துல ஒரு தமிழ்க் கதைப்புத்தகம் எடுத்தே?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோதெல்லாம் வந்த பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆறாம் ஆண்டுல டீச்சர், தமிழ்ப்பள்ளியில."

கட்டுரையில் அவர் புகழ்ந்த நூலகத்துக்கும் அவருக்கும் நடுவே ஐந்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி ஏன் வந்தது, அதை அடைக்க நம்மால் என்ன முடியும் என்பதுதான் இங்கே பேச்சு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் நூல் இல்லாதது நம் முதல் குறை என்று நான் நினைக்கவில்லை. நூல் இருக்கும் இடங்கள் ஒன்றோடொன்று பேசாததுதான் முதல் குறை.

ஒரே வட்டாரத்தில் எத்தனை வகை நூலகம்!

பெட்டாலிங் ஜெயாவை எடுத்துக்கொள்வோம். விவேகானந்தா, எஃபிங்காம், சீபோர்ட் எனத் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பள்ளி என்றால் அதற்கு ஒரு வள மையமும் உண்டு. தமிழ் மாணவர்கள் அடுத்துப் போகும் தேசிய இடைநிலைப்பள்ளிகளிலும் வள மையம் உண்டு. மாநகராட்சிக்குச் சமூக நூலகம் இருக்கிறது. மாநில அளவில் சிலாங்கூர் பொது நூலகக் கழகம் ஷா ஆலாமைத் தலைமையிடமாக வைத்துக் கிளைகள் நடத்துகிறது. தாமான் ஜெயாவில் எல்.ஆர்.டி. ஏறினால் அடுத்த நிலையமே 'யுனிவர்சிட்டி'. அங்கே மலாயாப் பல்கலைக்கழகமும் அதன் இந்திய ஆய்வியல் துறைக்காகச் சேர்ந்த தமிழ் நூல்களும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் தலைநகரில் தேசிய நூலகம், கோலாலம்பூர் நூலகம். இவற்றோடு எழுத்தாளர் சங்கம், ஆலயங்கள், வாசகர் வட்டங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீட்டு அலமாரிகள்.

பள்ளி நூலகம், பொது நூலகம், பல்கலைக்கழக நூலகம், தேசிய நூலகம், தனியார் சேகரிப்பு என்று ஐந்து வகையும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இந்த வசதி நாட்டில் எல்லா வட்டாரத்துக்கும் இல்லை. அப்படியும் நம் மாணவருக்கு ஏன் நூல் எட்டவில்லை?

கதவு சாத்தப்படும் இடம்

நம் கல்வி அமைப்பை நினைத்துப் பாருங்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. பன்னிரண்டு வயது வரை பிள்ளையைச் சுற்றித் தமிழ் நூல்கள் இருக்கின்றன. வாசிப்பை ஊக்குவிக்கும் 'நீலாம்' திட்டத்துக்காகவாவது அதைப் புரட்டுகிறது. பதின்மூன்றாம் வயதில் அந்தப் பிள்ளை தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. அங்குள்ள வள மையத்தில் தமிழுக்கு எவ்வளவு இடம் என்பது பெரும்பாலும் அந்தப் பள்ளியின் தமிழாசிரியர் எவ்வளவு கேட்டு வாங்கினார் என்பதைப் பொறுத்தது. சில பள்ளிகளில் நல்ல அலமாரி உண்டு. சில பள்ளிகளில் பழைய பயிற்சி நூல்கள் மட்டும். பிறகு பல்கலைக்கழகத்திலோ ஆசிரியர் கல்விக் கழகத்திலோ தமிழை எடுத்தால்தான் பெரிய தமிழ்த் தொகுப்பு ஒன்றை அந்த மாணவர் மறுபடியும் பார்க்கிறார். எடுக்காதவருக்கு அந்தக் கதவு சாத்தியது சாத்தியதுதான்.

எஸ்.பி.எம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுதுவது அந்த வயதில்தான். ஆழ்ந்து வாசிக்கப் பழக வேண்டியதும் அந்த வயதில்தான். பாடநூலுக்கு வெளியே ஒன்றைத் தேட வேண்டிய நேரத்தில், எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்கிறார் மாணவர்.

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை போட நம் தோட்ட மக்களை ஜப்பானியர் கொண்டுபோன கதை வரலாற்றுப் பாடத்தில் ஒரு சில வரிகள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அந்தக் கதையை விரிவாகச் சொல்பவை. ஒரு மாணவி இவ்விரண்டையும் படிக்க ஆசைப்படுகிறாள் என்று வையுங்கள். தன் பள்ளியில் கேட்பாள்; இல்லை என்பார்கள். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு பள்ளியில் ஒரு படி தூசு படிந்து கிடக்கலாம். அது இவளுக்கும் தெரியாது, இவள் ஆசிரியருக்கும் தெரியாது. பொது நூலகத்தில் ஒன்று இருக்கலாம். பல்கலைக்கழகத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பல்கலைக்கழக நூலகங்கள் பொதுவாகத் தங்கள் மாணவருக்கும் விரிவுரையாளருக்குமே உரியவை. வெளியாள் போக வேண்டுமென்றால் அனுமதி வேண்டும், கட்டணமும் இருக்கலாம். பள்ளிச் சீருடையோடு ஒரு பிள்ளை தனியாகப் போய் நிற்க முடியுமா?

இரங்கநாதன் தந்த அளவுகோல்

நூலகத்தை மதிப்பிட நம்மவரே ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன், கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகள் இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்களுக்குப் பாடம். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் சேர வேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பவை அவற்றில் மூன்று விதிகளின் சாரம்.

இந்த மூன்றையும் நம் வட்டாரத்துக்குப் பொருத்திப் பாருங்கள். நாவலைத் தேடும் மாணவிக்கு நூல் இல்லை. தூசு படிந்த படிக்கு வாசகர் இல்லை. தேடி அலைந்ததில் நேரமும் போயிற்று. ஒவ்வொரு நூலகமும் தனித்தனியே தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கலாம். சேர்த்துப் பார்த்தால் மூன்று விதிகளும் ஒரே நேரத்தில் தோற்கின்றன. நூலகங்களைத் தனித்தனியே மதிப்பிடுவதில் உள்ள குறை இதுதான். நம் மாதிரிக் கட்டுரைகளிலும் அதே குறை. அவை 'நூலகம்' என்று ஒருமையில் பேசுகின்றன. வாசகருக்கோ 'நூலகங்கள்' தேவைப்படுகின்றன.

கூட்டுறவே இல்லையா?

இருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும். நம் தேசிய நூலகம் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குவது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைப் பதிப்பாளர் அங்கே ஒப்படைக்க வேண்டும். ஐ.எஸ்.பி.என். எண் வழங்குவதும் அவர்களே. நாட்டு நூலகங்களின் இருப்பை ஒன்றாகக் காட்டும் தேசியக் கூட்டுப்பட்டியல் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் 'பெர்புன்' என்ற அமைப்பில் கூடிப் பேசுகின்றன. தங்களுக்குள் நூல் இரவல் கொடுத்து வாங்குகின்றன. 1970களின் இறுதியிலேயே 'மால்மார்க்' என்ற பெயரில் கணினி வழியாகக் கூட்டாகப் பட்டியல் தயாரித்தவர்கள் இவர்கள். 'யூ-புஸ்தாகா' திட்டமும், ஓர் உறுப்பியத்தில் பல நூலகங்களின் நூல்களைத் தேடிப் பெறலாம் என்ற எண்ணத்தில் உருவானதுதான்.

எண்ணம் நல்லது. குறை எங்கே என்றால், இந்த ஏற்பாடுகள் பெரிய நூலகங்களைப் பெரிய நூலகங்களோடு சேர்க்கின்றன. பள்ளி வள மையம் கல்வி அமைச்சின் கீழ் வேறொரு பாதையில் போகிறது. சங்க நூலகமும் வீட்டு அலமாரியும் எந்தப் பட்டியலிலும் இல்லை. தமிழ் நூல்கள் அதிகம் கிடப்பதோ இந்தக் கடைசி மூன்று இடங்களில்தான்.

ஒப்படைப்புச் சட்டத்தையே பாருங்கள். நம் எழுத்தாளர்கள் பலர் சொந்தக் காசில் நூல் போடுகிறார்கள். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைக்கிறார்கள். மாலை, பொன்னாடை, முதல் நூல் வாங்குபவர் பெயர் என்று எல்லாம் முறையாக நடக்கும். "ஐந்து படி தேசிய நூலகத்துக்கு அனுப்பியாச்சா?" என்று அந்த மேடையில் யாராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அனுப்பாத நூல் தேசியப் பதிவில் ஏறாது. இருபது ஆண்டு கழித்து அதைத் தேடுகிறவருக்கு அப்படியொரு நூல் வந்ததே தெரியாது.

'சிறுகதை' எந்த எழுத்தில் தொடங்கும்?

பட்டியலில் ஏறிய நூலுக்கும் ஒரு தடை உண்டு. ஆசிரியர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் நூல்களை உரோமன் எழுத்தில் பதிவது உலக நூலகங்களின் பழைய வழக்கம். அதற்கென்று தனி ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது. அந்த முறையில் 'சிறுகதை' என்ற சொல் ஆங்கில 'எஸ்' எழுத்தில் தொடங்காது. 'சி' எழுத்தில் தொடங்கும். 'கவிதை'யில் வரும் தகரத்துக்கு வெறும் 'டி' மட்டும். நம் பிள்ளைகள் போடும் 'டி எச்' கிடையாது. 'தமிழ்' என்பதில் உள்ள ழகரம் 'இசட் எச்' ஆகாது. அடியில் கோடு போட்ட 'எல்' ஆகும்.

இது எந்த மாணவருக்குத் தெரியும்? பெயர்ப்பலகையில் பார்த்த மாதிரி தட்டுவார். 'முடிவு இல்லை' என்று திரை சொல்லும். "லைப்ரரியில தமிழ் புக்கே இல்ல சார்" என்று வந்து நிற்பார். நூல் இருந்திருக்கும், சாவி வேறாக இருந்திருக்கும்.

ஒரே பதிவில் உரோமன் எழுத்தோடு தமிழ் எழுத்தையும் சேர்த்து இடும் வசதி நூலக மென்பொருள்களில் உண்டு. எல்லாத் தமிழ் நூலுக்கும் அப்படிச் செய்ய, தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பொது நூலக ஊழியர் எல்லாருக்கும் தமிழ் தெரியும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. தமிழாசிரியர்களுக்குத் தெரியும், தமிழ் படிக்கும் மாணவர்களுக்கும் தெரியும். கூட்டுறவு என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் கட்டடமும் மென்பொருளும் இருக்கின்றன, நம்மிடம் மொழி இருக்கிறது.

முன்னோர் போட்ட முதல்

இப்படிச் சேர்ந்து செய்வது நமக்குப் புதிதா என்றால், இல்லை. 1950களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே தமிழுக்கு முதன்மை கிடைக்குமா என்ற கவலையும் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பொதுமக்களிடம் சிறுகச் சிறுகத் திரண்ட அந்தப் பணம் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல் தொகுப்புக்கு உதவியது. துறை 1956இல் தொடங்கி, பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1960களில் அதற்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகளார், 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டில் தமிழாய்வு நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலையும் நூலாக வெளியிட்டார். அவருக்குப் பட்டியலின் அருமை தெரிந்திருந்தது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஆய்வும் நடக்காது, வாசிப்பும் நடக்காது.

இங்கே என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்குள்ளே காலெடுத்து வைக்க வாய்ப்பில்லாத மக்களும் கொடுத்த காசு அது. அவர்கள் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று ஒரு ரயில் நிலையம் தள்ளி இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அப்படியொரு தொகுப்பு இருப்பதே தெரியாது. பல்கலைக்கழகத்தின்மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. போய்க் கேட்க வேண்டிய நாம் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அக்கம்பக்கத்துப் பாடங்கள்

சிங்கப்பூர் 2015இல் ஒரு வேலையைச் செய்து முடித்தது. நாட்டின் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களில் சுமார் 350ஐ மின்வடிவமாக்கித் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். தொடங்கியது சமூகத்தைச் சேர்ந்த ஒரு தன்னார்வக் குழு. நூல்களைத் தேடித் திரட்டியதும், எழுத்தாளர்களிடமும் மறைந்தவர்களின் குடும்பத்தாரிடமும் அனுமதி பெற்றதும் சமூகம்; வைத்துக் காப்பது நூலகம். இரண்டு தரப்பும் தனித்தனியே இதைச் செய்திருக்க முடியாது. அதே நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் 'தமிழ் முரசு' பழைய இதழ்களும் உண்டு. அன்றைய மலாயாச் செய்திகளும் அவற்றில் கிடக்கின்றன. வரலாற்றுக் கட்டுரை எழுதுகிற மாணவர்கள் பார்க்கலாம்.

நம் பக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுச் சிறுகதைகளும் கவிதைகளும் அதில் உண்டு. ஒரு மாணவர் கேட்டால் அவரை எந்த நூலகத்துக்கு அனுப்புவீர்கள்? உடனே பதில் சொல்ல முடிகிறதா?

இலங்கையின் பாடம் வலி நிறைந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. பல ஓலைச்சுவடிகளுக்கும் அரிய நூல்களுக்கும் வேறு படி கிடையாது. ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை அதைவிடக் கொடுமையாக எதுவும் கற்பிக்காது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர் உழைப்பில் இணையத்தில் சேர்த்து வருகிறது. தமிழ்நாட்டிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பல நூலகங்களிலிருந்து நூல்களைப் பெற்று மின்வடிவில் தருகிறது.

"காணாமப் போனா யார் பதில் சொல்றது?"

இவ்வளவும் பேசினால் வள மையப் பொறுப்பாசிரியர் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நல்லாத்தான் இருக்கு. எங்க ஸ்கூல் புத்தகம் வெளியே போய்க் காணாமப் போனா யார் பதில் சொல்றது?" நியாயமான கேள்வி. பள்ளி நூல் பதிவேட்டில் ஏறிய பள்ளிச் சொத்து. கணக்கு பார்க்க வருபவர் அவரைத்தான் கேட்பார். இந்தப் பயத்தை அலட்சியப்படுத்தும் எந்தத் திட்டமும் முதல் ஆண்டிலேயே நின்றுவிடும். அதனால் நூலை நகர்த்துவதை இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளலாம். பட்டியலைப் பகிர்வதில் எதுவும் காணாமல் போகாது. முதலில் அதைச் செய்வோம்.

இன்னொரு பக்கம், நாம் ஏற்கெனவே ஒருவகைக் கூட்டுறவு வைத்திருக்கிறோம். அதுதான் புலனக் குழு. யாரோ ஒரு நூலைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடுவார். நூறு பேர் நன்றி சொல்வார்கள். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுகள் வரை உரிமை அவர் தரப்புக்கு உண்டு. நம் எழுத்தாளர்களில் பெரும்பாலோரின் நூல்கள் இன்னும் அந்தக் காலத்துக்குள் இருப்பவை. ஐந்நூறு படி அச்சடித்து, முந்நூறு படியைக் கட்டிலுக்கடியில் அடுக்கி வைத்திருக்கிற எழுத்தாளரின் நூலை நாமே இலவசமாகச் சுற்றுக்கு விட்டுவிட்டு, 'தமிழ் இலக்கியம் வளரவில்லை' என்று மேடையில் பேசுவது எப்படி? சிங்கப்பூர்க் குழு அனுமதி கேட்டு வாங்கிய உழைப்பை இங்கே நினைவில் வையுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவில் இந்த ஆண்டே செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நான்கு படி போதும்.

முதலில், உங்கள் பள்ளியில் உள்ள மலேசியத் தமிழ் நூல்களை மட்டும் ஒரு கணினித் தாளில் பதியுங்கள். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, வெளியீடு, ஐ.எஸ்.பி.என்., இருக்கும் பள்ளி என்று ஆறு பத்தி போதும். நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்மொழிக் கழக மாணவர்கள் நான்கு பேர் இரண்டு சனிக்கிழமையில் முடித்துவிடுவார்கள்.

அடுத்து, பக்கத்துப் பள்ளிகளின் தாளோடு சேருங்கள். இங்கே ஒன்றைக் கட்டாயமாக்குவோம்: ஒவ்வொரு இடைநிலைப்பள்ளியும் தன் மாணவர்கள் வந்த தமிழ்ப்பள்ளி ஒன்றோடு சேர வேண்டும். கதவு சாத்தப்படுவது அந்த இரண்டுக்கும் நடுவேதான். படிவம் 1 மாணவர் தம் பழைய பள்ளிக்கு மாதம் ஒரு முறை போய் நூல் எடுத்து வர, இரண்டு தலைமையாசிரியர்களின் கையொப்பம் இருந்தால் போதும். தமிழ்ப்பள்ளியில் பெரிய மாணவருக்கு ஏற்ற நூல் குறைவு என்பீர்கள். உண்மைதான், அதற்குத்தான் அடுத்த படி.

மூன்றாவதாக, பட்டியலோடு பொது நூலகத்துக்குப் போங்கள். வெறுங்கையோடு போய் 'தமிழ் நூல் வாங்குங்கள்' என்றால் அது மனு. 'எங்கள் ஐந்து பள்ளிகளில் இவ்வளவு மாணவர்கள், இந்த நூல்கள் இருக்கின்றன, இந்த நாற்பது நூல்கள் இல்லை' என்று போனால் அது திட்டம். நிறுவனங்களுக்கு மொத்தமாக இரவல் கொடுக்கும் வழக்கம் பொது நூலகங்களில் உண்டு, கேளுங்கள். பதிலுக்கு, அவர்கள் தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்த்துத் தர முன்வாருங்கள்.

நான்காவதாக, பல்கலைக்கழகத்திடம் ஆண்டுக்கு ஒரு நாள் கேளுங்கள். ஆசிரியர் துணையோடு மாணவர்கள் வந்து அந்தத் தொகுப்பைக் கண்ணால் பார்க்கட்டும். இந்திய ஆய்வியல் மாணவர்களே வழிகாட்டலாம். தங்கள் முன்னோர் காசில் வளர்ந்த அலமாரி எது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

இதில் இன்னொருவரையும் மறக்க வேண்டாம். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பார்வை குறைந்தவர்களுக்காக நூல்களை ஏற்ற வடிவில் மாற்ற வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் உருவானது. மலேசியாவும் 2022இல் அதில் இணைந்தது. தமிழ்க் கதை கேட்க ஆசைப்படும் பார்வையற்ற மாணவருக்கு நம் மாணவர்களின் குரல் உதவும். வாசிப்புப் போட்டிக்குப் பழகுகிற அதே குரல்தான். சங்கத்தோடு பேசி, முறையாக ஒலிப்பதிவு செய்யலாம்.

தேர்வு எழுதுவோருக்கு

நூலகம் பற்றிய தலைப்பு வந்தால், 'அறிவுக் களஞ்சியம்' என்று தொடங்கும் பழக்கத்தை ஒரு முறை விட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் எத்தனை வகை நூலகம் இருக்கிறது என்று தொடங்குங்கள். அவை சேர்ந்து இயங்கினால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று கருத்துகளைப் பிரியுங்கள். யாழ்ப்பாணம், சிங்கப்பூர், 'தமிழ் எங்கள் உயிர்' நிதி ஆகிய மூன்றும் சான்றுகளாக உதவும். மறுப்பையும் ஒரு பத்தியில் சொல்லிப் பதில் கொடுங்கள். கருத்துக்கு ஒரு சான்று இருந்தால் கட்டுரைக்கு எடை கூடும்.

வகுப்பில் பேச மூன்று கேள்விகள்:
1. உங்கள் பள்ளியில் இல்லாத ஒரு மலேசியத் தமிழ் நூலைப் பெற, நீங்கள் எடுக்க வேண்டிய படிகள் யாவை? ஒவ்வொரு படியிலும் என்ன தடை வரும்?
2. பள்ளி நூலகம், பொது நூலகம், பல்கலைக்கழக நூலகம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று என்ன கொடுக்க முடியும்?
3. 'நூல்களை மின்வடிவமாக்கினால் நூலகங்கள் சேர்ந்து இயங்கத் தேவையில்லை.' இக்கூற்றை ஏற்கிறீரா?

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தாமான்களில் 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி போட்டுக்கொண்டு பழைய பேப்பர் லாரி வரும். ஓய்வுபெற்ற ஒரு தமிழாசிரியர் காலமானபின், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அந்த அலமாரியைக் காலி செய்யும்போது, அந்த லாரிதான் முதலில் வந்து நிற்கும். அது வருவதற்கு முன்பு வர ஒரு பட்டியலும் ஒரு தொலைபேசி எண்ணும் நம்மிடம் இருக்க வேண்டும். அந்தக் கணினித் தாளை இந்த வாரமே திறந்துவிடுங்கள், ஆசிரியர்களே. முதல் வரியில் உங்கள் பள்ளியின் பெயர் இருக்கட்டும்.